கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?
பழைய டெலி லென்ஸை ஃபிலிம் கேமராவில் சோதிக்கும் முறை

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழைய லென்ஸைச் சோதிக்க உட்காரும்போது இந்தப் பழமொழியைப் பாதி நம்பினால் போதும். கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கும் வீடுகளும் உண்டு.

பழைய 135 மி.மீ. லென்ஸ் ஒன்றை ஓராண்டு திட்டிக்கொண்டே வைத்திருந்தேன். யாரைப் படம் எடுத்தாலும் கண் மங்கலாகவும் காதோர முடி பளிச்சென்றும் விழுந்தன. காசுக்கேற்ற தோசை என்று லென்ஸைப் பெட்டியில் போட்டுவிட்டேன். நண்பர் ஒருவர் அதைக் கேட்டு வாங்கித் தன் கேமராவில் மாட்டினார். அவர் எடுத்த முதல் ரோலிலேயே இமை மயிரை எண்ண முடிந்தது. பிறகுதான் என் கேமராவின் வயிற்றைப் பார்த்தோம். மிரர் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல் இம்மியளவு விலகியிருந்தது. ஓராண்டாகத் திட்டு வாங்கியது தப்பான ஆள்.

அந்த ஓராண்டு உங்களுக்கு வீணாகாமல் இருக்க, ஒரு நாளும் ஒரு ரோலும் போதும்.

முதலில் ஒரு விதி

எஸ்எல்ஆர் கேமராவில் வியூஃபைண்டருக்குப் போகும் ஒளியும் ஃபிலிமுக்குப் போகும் ஒளியும் ஒரே லென்ஸ் வழியாக வருகின்றன. மிரர் கீழே இருக்கும்போது ஒளி மேலே திரும்பி ஃபோகஸ் திரையில் விழுகிறது. மிரர் எழும்பியதும் அதே ஒளி நேராகப் போய் ஃபிலிமில் விழுகிறது. லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து திரைக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரம் சமமாக இருக்கும்வரை, இங்கே தெளிவாகத் தெரிவது அங்கேயும் தெளிவாக விழும்.

ஆகவே, திரையில் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்து எடுத்த படத்தில் காது தெளிவாக விழுந்தால், முதல் சந்தேகம் கேமராவின் மேல். அடுத்தது உங்கள் கண்ணின் மேல். லென்ஸ் திரையிடம் ஒன்றும் ஃபிலிமிடம் ஒன்றும் சொல்லாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை ஸ்கேல் சோதனையில் பார்ப்போம்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் கதை வேறு. அங்கே வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை; லென்ஸின் பின்புற விளிம்பு கேமராவுக்குள் ஒரு கையைத் தள்ளித் தூரத்தைச் சொல்கிறது. அந்த விளிம்பு தேய்ந்தோ மாறியோ இருந்தால் லென்ஸே பொய் சொல்லும். இந்த அத்தியாயம் எஸ்எல்ஆருக்கு மட்டும்.

எடுத்துக்காட்டுக்கு எம்42 எனப்படும் மரை மவுண்டை வைத்துக்கொள்வோம். 1949இல் டிரெஸ்டனில் வெளிவந்த கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு பரவிய மவுண்ட் இது. பெண்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக், ஜெனிட்-இ, பிராக்டிகா என்று பல நாட்டுக் கேமராக்கள் இதையே வைத்துக்கொண்டதால், ஒரே லென்ஸை இரண்டு மூன்று கேமராவில் மாட்டிப் பார்க்க முடியும். சோதனைக்கு இதைவிட வசதி வேறில்லை. ஜூபிடர்-37ஏ, பெண்டகான் 135 மி.மீ., சூப்பர் டாக்குமார் 200 மி.மீ. போன்றவை பழைய பொருள் சந்தையில் அடிக்கடி கண்ணில் படும்.

மேசை மேல் பார்க்க வேண்டியவை

ஃபிலிம் போடுவதற்கு முன் ஒரு டார்ச், ஒரு வெள்ளைத் துணி, பத்து நிமிடம்.

*மரை.* 42 மி.மீ. விட்டத்தில் இரண்டு வகை மரை உண்டு. எம்42இல் மரை இடைவெளி 1 மி.மீ.; டி-மவுண்ட் எனப்படும் வகையில் 0.75 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். டி-மவுண்ட் லென்ஸை எம்42 கேமராவில் திருகினால் முதல் சுற்றிலேயே இறுகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலம் காட்டினால் கேமராவின் மரை போய்விடும். 39 மி.மீ. மரையிலும் இதே போன்ற பொறி உண்டு. பழைய ஜெனிட்டுக்குச் செய்த லென்ஸ், மாட்டும் வளையத்திலிருந்து ஃபிலிம்வரை 45.2 மி.மீ. தூரத்துக்குக் கணக்கிடப்பட்டது; ஜோர்க்கி, ஃபெட் ரேஞ்ச்ஃபைண்டர்களுக்குச் செய்தது 28.8 மி.மீ. தூரத்துக்கு. பின்னதை எஸ்எல்ஆரில் மாட்டினால் கைக்கெட்டும் தூரம் தவிர எதுவும் தெளியாது. லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது வேறு வீட்டுப் பிள்ளை.

*கண்ணாடி.* அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, சற்றே சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் மழைக்காலம் முழுக்கத் தோல் உறைக்குள் கிடந்த லென்ஸ் இதற்குத் தப்புவது அரிது. மூச்சுப் பட்டது போல வெளிர்ப் படலம் தெரிந்தால் அது மங்கல். விளிம்பில் வானவில் நிறமோ குமிழியோ தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன. இவற்றில் பலரும் அஞ்சுவது பூஞ்சைக்கு. படத்தை அதிகம் கெடுப்பது மங்கல்தான். ஓரத்தில் நாலு இழை பூஞ்சை படத்தில் தெரியாமல் போகலாம். மெல்லிய மங்கல் முழுப் படத்தையும் சாம்பல் பூசிவிடும். முன் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பின் கண்ணாடியில் இருந்தால் யோசியுங்கள்.

*பிளேடுகள்.* பிளேடில் எண்ணெய் பளபளத்தால், லென்ஸ் எந்த வகை என்று பாருங்கள். ஜூபிடர்-37ஏ போன்ற பிரீசெட் லென்ஸில் பிளேடுகளை நீங்களே கையால் திருப்புகிறீர்கள். எண்ணெயால் பெரிய கேடில்லை. ஆட்டோ லென்ஸில், பட்டனை அழுத்தும் நொடியில் கேமரா ஓர் ஊசியைத் தள்ள, பிளேடுகள் சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். எண்ணெய் இருந்தால் அவை சோம்பும். எஃப்/11 என்று வைத்தது எஃப்/5.6 ஆகப் பதிவாகும். பின்னாலிருக்கும் ஊசியை விரலால் தட்டிப் பாருங்கள். அழுத்தியதும் மூடி, விட்டதும் திறக்க வேண்டும், தயங்கக் கூடாது.

ஜெனிட்-இ வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அந்தக் கேமராவில் ஊசியைத் தள்ளும் தகடே கிடையாது. ஆட்டோ லென்ஸை மாட்டினால் அதன் சிறு பொத்தானை மேனுவலுக்குத் தள்ளிவிடுங்கள். மறந்தால் எல்லாப் படமும் முழுத் திறப்பில்தான் விழும்.

*ஆட்டம்.* மாட்டிய பின் முன்பக்கத்தைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஃபோகஸ் வளையம் திருப்பும்போது கண்ணாடிக் குழாய் பக்கவாட்டில் அசைந்தால் உள்ளே மரை தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ பிரித்துக் கிரீஸ் போட்டுத் திரும்பச் சரியாகக் கோக்கவில்லை. திருகுகளின் தலை சிதைந்திருந்தால் இரண்டாவது சந்தேகம் உறுதி.

ஃபிலிம் இல்லாமலே கேமராவைச் சோதிப்பது

கேமராவின் பின்கதவைத் திறந்துகொள்ளுங்கள். ஃபிலிம் ஓடும் தடத்தில் இரண்டு ஜோடித் தண்டவாளங்கள் தெரியும். உள் ஜோடியின் மேல்தான் ஃபிலிம் படுக்கிறது. பளபளப்பில்லாத ஒட்டுநாடாவை இழுத்துப் பிடித்து, சுருக்கமில்லாமல், அந்த உள் தண்டவாளங்களுக்குக் குறுக்கே ஒட்டுங்கள். ஷட்டர் துணியில் விரலோ நாடாவோ படக் கூடாது. ஷட்டரைப் ‘பி’யில் வைத்து, பூட்டு உள்ள கேபிள் ரிலீஸால் திறந்து வையுங்கள். இப்போது நாடாவின் மேல் தலைகீழாக ஒரு படம் விழும். லூப் எனப்படும் சிறு உருப்பெருக்கி வைத்து அதைப் பாருங்கள்.

கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, தொலைவில் உள்ள செல்பேசிக் கோபுரத்தையோ கோயில் கலசத்தையோ முதலில் வியூஃபைண்டர் வழியாகத் தெளிவாக்குங்கள். பிறகு ஷட்டரைத் திறந்து நாடாவில் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கூடம் நேர். நாடாவில் தெளிவாக்க வளையத்தை மறுபடி திருப்ப வேண்டியிருந்தால் மிரரோ திரையோ இடம் மாறியிருக்கிறது. ஃபிலிம் வாங்கும் பணத்தை மெக்கானிக்குக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு தொடருங்கள்.

எக்காரணம் கொண்டும் டெலி லென்ஸைச் சூரியனுக்கு நேரே திருப்பி வியூஃபைண்டரில் கண் வைக்காதீர்கள். சிறுவயதில் பூதக்கண்ணாடியால் காகிதம் எரித்த நினைவு இருந்தால் காரணம் சொல்லத் தேவையில்லை.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதை அணிந்தே ஃபோகஸ் செய்யுங்கள். இன்று அணிந்தும் நாளை கழற்றியும் பார்த்தால் சோதனை உங்கள் கண்ணைப் பற்றியதாகிவிடும்.

ஃபிலிம், ஒளி, நேரம்

ஐஎஸ்ஓ 100 அல்லது 125 கறுப்பு வெள்ளை ஃபிலிம் போதும். ஃபோமாபேன் 100, இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ், கோடாக் டி-மேக்ஸ் 100 எதுவானாலும் சரி. ஆனால் புதிய ரோல் வேண்டும். ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ரோல் ஒன்று அப்பாவின் பீரோவில் கிடைத்தால் அதைப் பத்திரமாக வையுங்கள், சோதனைக்கு வேண்டாம். காலம் கடந்த எந்த ஃபிலிமிலும் மூட்டம் ஏறியிருக்கும். அந்தச் சாம்பல் நிறத்தை லென்ஸின் மங்கல் என்று எண்ணிவிடுவீர்கள்.

அடுத்தது ஒளி. டெலி லென்ஸின் குணம் முழுத் திறப்பில்தான் வெளிப்படும். நல்ல வெயிலில் அந்தத் திறப்பையே உங்களால் பயன்படுத்த முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சுள்ளென்ற வெயிலில் ஐஎஸ்ஓ 100க்கு எஃப்/16, 1/125. எஃப்/4க்குத் திறந்தால் 1/2000 தேவை. ஜெனிட்-இ 1/500ஓடு நிற்கிறது, ஸ்பாட்மேட்டிக் 1/1000ஓடு. ஆகவே மெல்லிய மேகம் மூடி, நிழல் விழாத பகல் வேண்டும். அந்த ஒளியில் எஃப்/4க்கு 1/500, எஃப்/5.6க்கு 1/250, எஃப்/8க்கு 1/125, எஃப்/11க்கு 1/60 என்று நான்கு திறப்புகளும் கேமராவின் வேகங்களுக்குள் அடங்கும். மேகம் வராத மாதமென்றால் இரண்டு ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜெனிட்-இயின் செலினியம் மீட்டர் வயதில் சோர்ந்திருக்கலாம். கைபேசியில் ஒளி அளக்கும் செயலி ஒன்று இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொலைதூரக் காட்சிக்குக் காலை ஆறரை முதல் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறிய பின் மொட்டை மாடியும் தார்ச் சாலையும் கானல் விடும். 200 மி.மீ. லென்ஸ் கோபுரத்தை அருகே இழுக்கும்போது நடுவிலுள்ள கானலையும் சேர்த்தே இழுக்கிறது. நண்பகலில் எடுத்த கோபுரம் நெளிந்து விழுந்தால் அதற்கு உலகின் எந்த லென்ஸ் ஆலையும் பொறுப்பல்ல.

ஆட்டத்தை அடக்குவது

கூடத்தைப் பார்த்தாயிற்று, இனி ஆட்டம். மங்கலான டெலி படங்களில் பாதிக்கு மேல் கேமரா அசைந்ததால் வருவது என்பது என் அனுபவம்.

கையில் பிடித்து எடுப்பதற்குப் பழைய விதி ஒன்று உண்டு: லென்ஸின் மி.மீ. எவ்வளவோ, ஷட்டர் அதற்குக் குறையாத வேகத்தில் இருக்க வேண்டும். 135க்கும் 200க்கும் 1/250. இது சாதாரணப் படத்துக்கான விதி, சோதனைக்குப் போதாது. சோதனைக்கு ட்ரைபாடு, கேபிள் ரிலீஸ் இரண்டும் கட்டாயம்.

ட்ரைபாடு போட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். மிரர் எழும்பி மேலே அறையும் அதிர்ச்சி நீண்ட லென்ஸை மணி நாக்கு போல ஆட்டும். 1/30 முதல் 1/4 வரையான வேகங்களில் இது நன்றாகத் தெரியும். 1/250க்கு மேல் அதிர்ச்சி பரவுவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. பல நொடி நீளும் படத்தில் அந்த அதிர்ச்சி மொத்த நேரத்தில் சிறு பங்குதான். நடுவில்தான் ஆபத்து. நிக்கான் எஃப்எம்2 போன்றவற்றில் செல்ஃப் டைமரைப் போட்டால் மிரர் முன்னாலேயே எழும்பி நின்றுவிடும். ஸ்பாட்மேட்டிக்கிலும் ஜெனிட்-இயிலும் அந்த வசதி இல்லை. அரிசியோ மணலோ நிரப்பிய துணிப்பை ஒன்றை லென்ஸின் கழுத்துக்குக் கீழே முட்டுக் கொடுங்கள். இன்னொன்றைக் கேமராவின் தலைமேல் வையுங்கள். விலை மலிவு, பலன் பெரிது.

ஒரு ரோல், முப்பத்தாறு படம்

நோட்டுப் புத்தகத்தில் 1 முதல் 36 வரை எண் போட்டு வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். உங்களுக்கு நம்பிக்கையான 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். இந்தச் சோதனையில் அதுதான் சாட்சி.

*1.* ஒரு தாளில் லென்ஸ் பெயர், கேமரா, தேதி எழுதி அதைப் படம் எடுங்கள்.

*2–4.* வெற்று வானம் அல்லது வெள்ளைச் சுவர், 50 மி.மீ. லென்ஸில், 1/125, 1/250, 1/500. வேகம் ஏற ஏற அப்பர்ச்சரைத் திறந்து ஒளியைச் சமமாக வையுங்கள். ஷட்டர் திரைகள் சீராக ஓடுகின்றனவா என்று இவை சொல்லும்.

*5–6.* ஒரு ஸ்கேலை மேசையில் சாய்த்து வைத்து, நடு எண்ணுக்கு ஃபோகஸ் செய்து, 50 மி.மீ. லென்ஸில் முழுத் திறப்பில், ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுங்கள். இரண்டாவது படத்துக்கு ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

*7–9.* அதே ஸ்கேல், இப்போது டெலி லென்ஸில். 200 மி.மீ. என்றால் மூன்று மீட்டர். எஃப்/4இல் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே ஐந்து செ.மீ. அளவுதான் என்பதால் பிழை ஒளிந்துகொள்ள முடியாது. முழுத் திறப்பில் ஃபோகஸ் வைத்து ஒன்று. பிறகு வளையத்தைத் தொடாமல் எஃப்/5.6இல் ஒன்று, எஃப்/8இல் ஒன்று. தெளிவான இடம் திறப்புக்குத் திறப்பு நகர்ந்தால், முன்னே சொன்ன விலக்கு இதுதான். சில பழைய லென்ஸ்களில் ஓரத்து ஒளியும் நடு ஒளியும் ஒரே இடத்தில் குவிவதில்லை; அப்பர்ச்சர் சுருங்கி ஓர ஒளி வெட்டுப்படும்போது ஃபோகஸ் சற்றே இடம் மாறும். பழுதென்று சொல்ல முடியாது; பிறவிக் குணம்.

*10–17.* சுவரில் செய்தித்தாள். வரி விளம்பரப் பக்கங்களாக ஐந்து எடுத்து, நடுவில் ஒன்றும் நான்கு மூலையில் நான்கும் ஒட்டுங்கள். 200 மி.மீ. லென்ஸுக்குப் பத்து மீட்டர், 135க்கு ஏழு மீட்டர் தள்ளி நின்றால் சட்டகத்தில் சுமார் 1.8 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் அடங்கும். ஜெனிட்-இயின் வியூஃபைண்டர் 24×36 மி.மீ. சட்டகத்தில் 20×28 மி.மீ. அளவையே காட்டுகிறது, மூலைத் தாள்கள் கண்ணுக்குத் தெரியாமலே படத்தில் விழும். ஆகவே டேப் வைத்து அளந்து ஒட்டுங்கள்.

கேமரா சுவருக்கு நேராக நிற்க ஓர் எளிய வழி: நடுத்தாளின் மேல் சிறு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு படிய ஒட்டுங்கள். வியூஃபைண்டரின் நடுவில் உங்கள் லென்ஸின் முகமே தெரிய வேண்டும். தெரியும்வரை ட்ரைபாடை நகர்த்துங்கள். பிறகு எஃப்/4, 5.6, 8, 11 என்று நான்கு படம். அதே நான்கை மறுபடியும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஃபோகஸைப் புதிதாக வைத்து. ஒரு படம் மங்கினால் அது கைப்பிழை. ஜோடியும் மங்கினால்தான் அதைச் சாட்சியமாகக் கொள்ளலாம்.

*18–19.* கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே சுவரை எஃப்/4இலும் எஃப்/8இலும் எடுங்கள். ட்ரைபாடில் கஷ்டமென்றால் மணல் பைகளின் மேல் கிடத்துங்கள். ஏன் என்பது கீழே தெரியும்.

*20–21.* அதே சுவர், 50 மி.மீ. லென்ஸில், இரண்டரை மீட்டரில்.

*22–25.* காலை வேளையில் தொலைதூரக் கோபுரம். வளையத்தை முடிவிலிக் குறியில் முட்டவிட்டு இரண்டு. கண்ணால் ஃபோகஸ் வைத்து இரண்டு. எல்லாம் முழுத் திறப்பில்.

*26–28.* கையில் பிடித்து 1/125, 1/250, 1/500. இது உங்கள் கையைப் பற்றிய சோதனை.

*29–31.* சூரியன் சட்டகத்துக்குச் சற்று வெளியே இருக்க, மரத்தையோ முகத்தையோ எதிரொளியில் எடுங்கள்: ஹூட் இல்லாமல் ஒன்று, ஹூடோடு ஒன்று, கையால் மறைத்து ஒன்று.

*32–33.* லென்ஸ் எவ்வளவு அருகில் போகுமோ அங்கிருந்து ஒரு முகம். பின்னால் இலை இடுக்கு வெளிச்சம்.

*34–36.* இரவில் தொலைதூரத் தெருவிளக்குகள், ட்ரைபாடில், ‘பி’யில் சில நொடி. சிறு விளக்குப் புள்ளி ஒன்று மூலையில் விழட்டும்.

நெகட்டிவைப் படிப்பது

லேபிலிருந்து வரும் ஸ்கேனை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஸ்கேனரில் ஃபிலிம் வளைந்து நின்றால் ஓரம் மங்கும். மென்பொருள் கூர்மை ஏற்றினால் மங்கலும் பளிச்சென்றாகும். நெகட்டிவை வெட்டாமல் திரும்பக் கேட்டு வாங்குங்கள். வெளிச்சத் தட்டின் மேல் வைத்து 10 மடங்கு லூப்பில் பாருங்கள். வெளிச்சத் தட்டு இல்லையென்றால், கைபேசித் திரையை வெள்ளையாக்கி, அதன் புள்ளிகள் தெரியாதபடி நெகட்டிவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் ஆயிற்று.

*ஒரு பக்கம் மட்டும் ஒளி குறைவு:* 2–4ஐப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸிலும், வேகமான ஷட்டரில் மட்டும், இடமோ வலமோ ஒரு பக்கம் ஒளி குன்றியிருந்தால் ஷட்டர் திரை தடுமாறுகிறது. லென்ஸால் வரும் இருட்டு நான்கு மூலையிலும் ஒருசேர வரும். அப்பர்ச்சரைச் சுருக்கினால் குறையும்.

*வியூஃபைண்டரில் ஓரம் கறுப்பு, படத்தில் இல்லை:* மிரர் சிறியது. நீண்ட லென்ஸின் ஒளிக்கூம்பு முழுவதையும் அது பிடிக்கவில்லை. படத்துக்குக் கேடில்லை, விட்டுவிடுங்கள்.

*ஸ்கேலில் தெளிவு இடம் மாறல்:* 50 மி.மீ., டெலி இரண்டும் ஒரே திசையில் தவறினால் கேமரா. திரைக்கும் ஃபிலிமுக்கும் இடையே 0.1 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே, மூன்று மீட்டரில் 200 மி.மீ. லென்ஸின் ஃபோகஸ் சுமார் 2 செ.மீ. தள்ளிப்போகும். இரண்டும் முழுத் திறப்பில் சரியாக இருந்து, டெலி மட்டும் சுருக்கும்போது நகர்ந்தால் அது பிறவிக் குணம். தவறு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு திசையில் என்றால் கண்.

*கோபுரம்:* முடிவிலியில் முட்டவிட்டது தெளிவு, கண்ணால் வைத்தது மங்கல் என்றால் கேமராவின் திரை அல்லது உங்கள் கண். கண்ணால் வைத்தது தெளிவு, முட்டவிட்டது மங்கல் என்றால் லென்ஸைப் பிரித்தவர் முடிவிலி நிறுத்தத்தை மாற்றிவிட்டார். குறியை நம்பாமல் பயன்படுத்தலாம். நான்கும் மங்கல், ஆனால் ஸ்கேல் படங்கள் தெளிவு என்றால் லென்ஸ் முடிவிலியைத் தொடவில்லை, அல்லது அன்று கானல் சீக்கிரமே எழுந்துவிட்டது.

*செய்தித்தாளில் ஒரு பக்கம் மட்டும் மங்கல்:* இப்போது 18–19. தலைகீழாகத் திருப்பியபோது மங்கல் சுவரின் அதே பக்கத்திலேயே நின்றால், கேமரா சுவருக்கு நேராக நிற்கவில்லை. மங்கல் கேமராவோடு சேர்ந்து மறுபக்கத் தாளுக்குப் போனால் கருவியில் கோளாறு. 20–21இல் 50 மி.மீ. லென்ஸும் அதே பக்கம் மங்கினால் கேமராவின் மவுண்டோ ஃபிலிம் தடமோ சாய்ந்திருக்கிறது. 50 மி.மீ. சுத்தமாக இருந்தால் மட்டுமே, டெலி லென்ஸின் கண்ணாடி ஒன்று மையம் விலகியிருக்கிறது என்று சொல்லலாம். இரவு விளக்குகள் அதை உறுதி செய்யும்: ஃபோகஸைக் கலைத்து, நடுவிலுள்ள விளக்கை வியூஃபைண்டரில் பார்த்தால், நல்ல லென்ஸில் சீரான வட்டத் தட்டு தெரியும், மையம் விலகியதில் ஒரு பக்கம் வெளிச்சம் கூடி வட்டம் நசுங்கும். இதற்கு ஃபிலிமே தேவையில்லை, கடையிலேயே செய்யலாம்.

*புகை போன்ற வெளிச்சம்:* அது சட்டகத்தைத் தாண்டி ஃபிலிமின் ஓரத் துளைகள் வரை பரவியிருந்தால் கேமராக் கதவின் பஞ்சு உளுத்து ஒளி கசிகிறது. சட்டகத்துக்குள்ளேயே நின்று, ஹூட் போட்டதும் குறைந்தால் லென்ஸ். ஹூட் போட்டும் எதிரொளிப் படங்கள் மட்டும் சாம்பலாக இருந்தால், மேசையில் டார்ச் அடித்துப் பார்த்த படலத்தை நினைவுகூருங்கள்.

*எல்லாமே இரட்டையாக, ஒரே திசையில் இழுத்தது போல:* ஆட்டம். 1/60இல் எடுத்த எஃப்/11 படத்தைவிட 1/500இல் எடுத்த எஃப்/4 படம் தெளிவாக இருந்தால், லென்ஸைச் சுருக்கியதால் மங்கவில்லை. மிரர் அடித்ததால் மங்கியது.

தீர்ப்பு

சந்தேகம் தீராவிட்டால் இன்னொரு கேமராவில் அரை ரோல் போடுங்கள். செய்தித்தாள் நான்கு, ஸ்கேல் மூன்று, கோபுரம் நான்கு. குறை லென்ஸைத் தொடர்ந்து வந்தால் லென்ஸ். பழைய கேமராவிலேயே தங்கிவிட்டால் கேமரா. நண்பர் என் லென்ஸுக்குத் தன்னையறியாமல் செய்த உபகாரம் இதுதான்.

லென்ஸே குற்றவாளி என்று தெரிந்தாலும் உடனே விற்க ஓடாதீர்கள். சோதனையின் பலன், அந்த லென்ஸை எப்படி நடத்துவது என்ற குறிப்பு. நோட்டுப் புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதி, மடித்து, லென்ஸ் உறைக்குள் வைத்துவிடுங்கள். என் 135 மி.மீ. லென்ஸின் உறைக்குள் இருக்கும் தாள் இப்படிப் போகிறது:

“முழுத் திறப்பில் நடு நன்று, மூலை மென்மை, முகங்களுக்குப் போதும். எஃப்/5.6 முதல் மூலையும் சேரும். எதிரொளியில் ஹூட் கட்டாயம். முடிவிலிக் குறி சரி. கையில் 1/250க்குக் குறையாதே. படம் மங்கினால் கேமராவை முதலில் பார்.”

கடைசி வரிக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.